கும்பகோணம் கொழுந்து வெற்றிலை: வாங்கும் முன் ஒரு வார்த்தை

கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயரோடு விற்கும் பொருளுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, கிடைத்த செய்தி 2025 ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. அதிலிருந்து என்னிடம் வருபவர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, அந்தக் குறியீடு வாங்கின வெத்தலை எந்தக் கடையில கிடைக்கும்?" கும்பகோணத்தில் வரிசைத் தட்டு கட்டிக் கொடுப்பது என் தொழில். நிச்சயதார்த்தம், கல்யாணம், வளைகாப்பு, கிருகப்பிரவேசம் எதுவாக இருந்தாலும் தட்டில் முதலில் ஏறுவது வெற்றிலைதான். மாதம் முழுக்க அதை எண்ணி, துடைத்து, அடுக்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அத்தைக்கும் தினம் வேண்டும். அதனால் இந்த இலையைப் பற்றி நான் சொன்னால் கொஞ்சம் பொறுப்போடுதான் சொல்வேன்.

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். நல்ல கும்பகோணம் கொழுந்து வெற்றிலைக்கு ஈடாக இன்னொரு வெற்றிலையை நான் தொட்டதில்லை. ஆனால் "கும்பகோணம் வெற்றிலை" என்று சொல்லி விற்கிற எல்லாமே அது இல்லை.

எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டால், கையில் எடுத்த உடனேயே பாதி தெரிந்துவிடும். கொழுந்து இலை மெல்லியது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நரம்பு நரம்பாகத் தெரியும். நிறம் இளம்பச்சை, முதுகுப் பக்கம் இன்னும் வெளிறியிருக்கும். இரண்டு விரலால் மடித்தால் முரண்டு பிடிக்காமல் மடியும். கொஞ்சம் அழுத்தினால் சின்னச் சத்தத்தோடு உடையும். துவண்டு போன இலை மடியும், ஆனால் உடையாது. முற்றல் இலை உடையும், ஆனால் மடிய வராது. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் கொழுந்து. காம்பைக் கிள்ளினால் அந்த இடத்தில் ஈரம் கசிய வேண்டும். அங்கே பழுப்பு ஏறியிருந்தால் பறித்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். மேலே எவ்வளவு தண்ணீர் தெளித்துப் பளபளப்பாக வைத்திருந்தாலும் அது பழைய இலைதான்.

அப்புறம் வாய். கடித்த உடனே காரம் வராது. முதலில் லேசான இனிப்பு கலந்த பச்சை வாசனை, நாலைந்து மெல்லுக்குப் பிறகு மேலண்ணத்தில் கிராம்பு கடித்ததுபோல ஒரு சுறுசுறுப்பு ஏறும், பிறகு தானாகவே அடங்கும். கம்மாறு வெற்றிலை நாக்கைச் சுடும், கற்பூர வெற்றிலையில் வாசனைதான் முன்னால் நிற்கும். இது இரண்டுக்கும் நடுவில் பதமாக நிற்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சக்கை நிற்காது. மென்று முடித்தால் துப்புவதற்கு வாயில் ஒன்றும் இருக்காது.

என் அபிப்பிராயத்தைவிட அத்தையின் அபிப்பிராயம் பெரிது. அவருக்குப் பல் இல்லை. சின்ன இரும்பு உரலில் வெற்றிலையை இடித்துத்தான் போடுவார். உரலில் விழுந்த இலை பொய் சொல்லாது. கொழுந்து இலை நாலு இடியில் விழுதாகிவிடும், உரலைச் சுற்றி வாசனை வரும். முற்றல் இலை நார் நாராக உலக்கையில் சுற்றிக்கொள்ளும். ஒருநாள் அவசரத்துக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாங்கி வந்ததை இரண்டு இடி இடித்துவிட்டு உரலை நகர்த்தி வைத்தார். "இது ரெண்டு நாள் பட்டினி கெடந்த இலைம்மா. தண்ணியைக் காட்டி எழுப்பி உட்கார வெச்சிருக்காங்க" என்றார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இலை இப்படி வருவதற்குக் கொடிக்காலைப் பார்த்தால்தான் காரணம் புரியும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வருகிற சாலையில் அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி, பாபநாசம் என்று வரிசையாக வரும் ஊர்கள், இந்தப் பக்கம் சுவாமிமலை. இங்கெல்லாம் நெல் வயலுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நடுவில் திடீரென்று அடர்த்தியாக, உயரமாக, நிழல் கட்டி நிற்கிற தோட்டம் தெரிந்தால் அது கொடிக்கால். வெளியிலிருந்து பார்த்தால் அகத்தித் தோப்பு என்றுதான் நினைப்போம். முதலில் அகத்தியைத்தான் விதைப்பார்கள். அது எழும்பி நிழல் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் வெற்றிலைக் கொடியை நட்டு, ஏற ஏற அகத்தியோடு சேர்த்துக் கட்டுவார்கள். வெயில் நேரே பட்டால் இலை தடித்துக் கருத்துவிடும், நிழல் அதிகமானால் கொடி நோஞ்சானாகிவிடும். அதனால் அகத்தித் தழையைக் கழித்துக் கழித்து வெளிச்சத்தை அளந்து விடுகிறார்கள். கழித்த தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகிறது. பாத்திகளுக்கு நடுவே ஆழமான வாய்க்கால். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தண்ணீர் வடியாமல் நின்றால் வேர் அழுகி, வாடல் நோய் வந்து, கொடி மளமளவென்று சாய்ந்துவிடும். பலத்த காற்றடித்தால் அகத்தி சாயும், அகத்தி சாய்ந்தால் அதை நம்பி ஏறிய கொடியும் போகும். காவிரியும் அதன் கிளை ஆறுகளும் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு வந்து போட்ட வண்டல், வாய்க்கால் பாசனம், இந்த மனிதர்களின் கைப்பழக்கம் மூன்றும் சேர்ந்துதான் அந்த மெல்லிய இலை.

நான் போன கொடிக்காலில் வரப்பிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கோயிலுக்குள் போவதுபோலத்தான் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். உள்ளே கால் வைத்ததும் வெளியில் இருந்த வெயில் காணாமல் போய்விட்டது. பறிக்கிற அம்மா இலையைப் பிய்க்கவில்லை, காம்போடு கிள்ளினார், கிள்ளியதைக் கசங்காமல் கைக்குள்ளேயே அடுக்கினார். 100 இலை ஒரு கவுளி. எண்ணுவதை நின்று பார்த்தேன். வாய் வேறு கதை பேசிக்கொண்டிருக்க, விரல் தனியாக எண்ணிக்கொண்டே போனது. இத்தனை கவனமாகப் பறித்த இலை கடைக்கு வரும்போது அதன் பெயர் தொலைந்துவிடுகிறதே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ஏனென்றால் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்றவுடன் கடையில் இருக்கிற இலையில் முத்திரை வந்துவிடாது. அதற்கான சட்டம் 1999-இல் போட்டு, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்கிற அலுவலகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. பெயர் பதிவாவது முதல் படி. அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் விளைவிப்பவர்களும் வியாபாரிகளும் தனித்தனியாக அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். குறியீட்டைப் போட்டு விற்கிற உரிமை அவர்களுக்குத்தான். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பெரிய கடைத் தெருவில் நான் வாங்குகிற கடைகளில் ஈரச் சாக்கின் மேல் இலை அடுக்கியிருக்கிறது, விலை சொல்கிறார்கள், வாழைச் சருகில் சுற்றிக் கொடுக்கிறார்கள். எந்த ஊர்க் கொடிக்கால், யார் பறித்தது, எப்போது பறித்தது என்று ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. கேட்டால் வாயால் சொல்வார்கள், பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்வார்கள். உள்ளூர்க்காரி எனக்கு அது போதும். வெளியூர்க்காரர்களுக்கு எப்படிப் போதும்?

நான் கட்டுகிற கல்யாண வரிசையில் இதைத் தினமும் பார்க்கிறேன். கூறைப்புடவை திருபுவனம் பட்டு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. தட்டுக்கு முன்னால் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, அதற்கும் குறியீடு இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வெற்றிலை, இப்போது அதற்கும் வந்துவிட்டது. மூன்றும் கும்பகோணத்தைச் சுற்றிச் சின்ன வட்டத்துக்குள் பிறந்தவை. புடவை எங்கே நெய்தது என்று பெண் வீட்டார் பெருமையாகச் சொல்கிறார்கள். விளக்கைத் தூக்கிப் பார்த்து, "நாச்சியார்கோவில்தானே?" என்று கேட்கிறார்கள். வெற்றிலையை யாரும் கேட்பதில்லை. வெற்றிலை என்றால் வெற்றிலைதானே என்று விட்டுவிடுகிறார்கள். கேட்க ஆரம்பித்தால் கடைக்காரர் சொல்ல ஆரம்பிப்பார், சொல்ல ஆரம்பித்தால் எழுதி ஒட்டவும் செய்வார். அதனால் நான் இப்போது தட்டு கட்டும்போதே வெற்றிலைக்குப் பக்கத்தில், "ராஜகிரி கொடிக்கால் கொழுந்து" என்று ஊர் தெரிந்த இலைக்கு மட்டும் ஒரு சின்ன அட்டை எழுதி வைக்கிறேன். முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு இலையை எடுத்து முகர்ந்து பார்க்கிறார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

உணவுப் பொருளுக்கு இப்படி ஊர்ப் பெயரை அதிகாரபூர்வமாகக் கொடுப்பது நம் பக்கம் வேகமாகவே நடந்துகொண்டிருக்கிறது. பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019, கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020, நமக்குப் பக்கத்திலிருக்கும் மணப்பாறை முறுக்கு 2023. வெற்றிலையிலேயே ஆத்தூரும் சோழவந்தானும் 2023-இல் நம்மை முந்திக்கொண்டன. கேரளத்தில் திரூர் வெற்றிலைக்கு 2019-இலேயே வந்துவிட்டது. இவர்கள் முந்தியதில் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் இலைக்கு அவர்கள் மண்ணின் குணம். ஆனால் வெற்றிலை என்றாலே கும்பகோணம் என்று சொல்லிக்கொண்டிருந்த நாம் பெயர் இருக்கிற தைரியத்தில் இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டோம்.

மாநில அளவில் அறிவிக்கிற சின்னம் வேறு வகை. தமிழ்நாட்டின் மாநிலப் பழம் பலா. கேரளம் 2018-இல் அதே பலாவைத் தன் பழமாக அறிவித்தது. இரண்டு பேரும் ஒரே பழத்தை வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை, அது மரியாதைக்காக. அதனால் பலா விற்கிறவருக்கோ வாங்குகிறவருக்கோ எதுவும் மாறப்போவதில்லை. புவிசார் குறியீடு அப்படியில்லை. இந்த மண்ணில் விளைந்தது, இந்தக் குணம் உள்ளது என்று சொல்லி, வேறு யாரும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளாமல் தடுக்கிற உரிமையையும் கொடுக்கிறது. கும்பகோணத்துக்கு இது எவ்வளவு அவசியம் என்பதற்குக் காபியே சாட்சி. சென்னையிலிருந்து திருச்சி போகிற நெடுஞ்சாலையில் பித்தளை டவரா டம்ளர் படம் போட்ட "கும்பகோணம் டிகிரி காபி" பலகைகளை எண்ணி மாளாது. அதில் நல்ல காபியும் உண்டு, வாயில் வைக்க முடியாததும் உண்டு, எல்லாம் எங்கள் ஊர்ப் பெயரில்தான். காபிக் கொட்டை இங்கே விளைவதில்லை, பாலும் கைப்பக்குவமும்தான் எங்களுடையது. அதை எங்கே போய் நிறுத்துவது என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வெற்றிலை அப்படியில்லை, முழுக்க முழுக்க இந்த மண்ணிலிருந்து வருவது. அதன் பெயரும் இப்படிப் போய்விடக் கூடாது.

போக ஆரம்பித்துவிட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சென்னையில் இருக்கும் என் தங்கை வெள்ளிக்கிழமை பூஜைக்குச் செயலியில் வெற்றிலை தருவித்தாள். பிளாஸ்டிக் பையில் அடைத்து, மேலே கும்பகோணம் வெற்றிலை என்று அச்சடித்திருந்தது. நான் அப்போது அங்கே இருந்தேன். பையைப் பிரித்ததும் புழுங்கிய வாடை. இலை உள்ளங்கையைவிடப் பெரியது, கரும்பச்சை, தடிமன், நடு நரம்பு ஈர்க்குச்சிபோல. மடித்தால் நரம்பு மட்டும் உடைந்து இலை தொங்கியது. மென்றால் முதல் கடியிலேயே கசப்பு. அது எந்த ஊர் இலையோ, அந்த ஊரில் அதற்கென்று ஒரு நல்ல பெயர் இருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் அநியாயம் நடந்தது. பையில் பறித்த தேதி இல்லை, விளைந்த ஊர் இல்லை, குறியீட்டு முத்திரையும் இல்லை. இப்படிப்பட்ட பையை வாங்காதீர்கள் என்பதுதான் என் சிபாரிசு. இலைக்கு மூச்சு விட இடம் வேண்டும், பிளாஸ்டிக்கில் அடைத்தால் எந்த நல்ல இலையும் ஒரே நாளில் வியர்த்துக் கருத்துவிடும்.

பாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெற்றிலையைப் புகழ்ந்துவிட்டு அதை விட்டுவிட்டால் அது நேர்மையில்லை. கொழுந்து வெற்றிலையும் சீவலும் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சாப்பாட்டின் கடைசி வரி மாதிரி. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில், பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. புகையிலை சேர்க்காமல் வெறும் வெற்றிலை பாக்கு போட்டாலும் அதே கதிதான் என்கிறது. தட்டில் பாக்கு வைப்பது சம்பிரதாயம், வைக்கிறேன். வாயில் போடுவதற்கு எங்கள் வீட்டில் பாக்கை நிறுத்தியாகிவிட்டது. அத்தையும், முணுமுணுத்துக்கொண்டேதான், சீவலை விட்டார். இப்போது காம்பும் நுனியும் கிள்ளிய இரண்டு கொழுந்து, ஒரு ஏலக்காய், சின்னக் கல்கண்டு, வேண்டுமானால் அரைக் கிராம்பு. பாக்கு போனதால் ஒரு நன்மை, இலையின் ருசி தனியாகத் தெரிகிறது. இத்தனை நாள் பாக்கின் துவர்ப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த இனிப்பை அப்போதுதான் நான் கண்டுகொண்டேன்.

குறை இல்லாமலும் இல்லை. விலை நிலையாக இருக்காது. நான் கடைசியாக வாங்கியபோது கொழுந்து கவுளி 120 ரூபாய், தை மாத முகூர்த்த நாட்களில் அதற்கு மேலே நிற்காமல் ஏறும். முற்றல் இலை பாதி விலைக்குக் கிடைக்கும். கோயில் மாலைக்கு அது போதும், மெல்வதற்கு வேண்டாம். சில கவுளிகளில் மேலேயும் கீழேயும் கொழுந்து, நடுவில் முற்றல் என்று வைத்துக் கட்டியிருப்பார்கள். கடையிலேயே நடுவில் பிரித்துப் பாருங்கள், நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். மெல்லிய இலை என்பதால் சீக்கிரம் வாடும். ஈரத் துணியில் சுற்றி, நிழலில் வைத்து, தினம் ஒருமுறை பிரித்து அழுகிய இலையை எடுத்துப் போட்டால் நாலைந்து நாள் தாங்கும். அடிக்கடி தண்ணீர் தெளித்தால் புள்ளி விழும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதென்றால் காய்கறித் தட்டில், துணியோடு. நேராக வைத்தால் விளிம்பு கருகிவிடும்.

கும்பகோணத்துக்கு வருகிறவர்கள் காலையிலேயே கடைக்குப் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மிஞ்சியதுதான் இருக்கும். "கொழுந்து" என்று சொல்லிக் கேளுங்கள், எந்த ஊர் கொடிக்கால் என்று கேளுங்கள், பதிவு செய்த விவசாயியிடமிருந்து வந்ததா என்றும் கேளுங்கள். மொத்தமாகத் தேவைப்பட்டால் பாபநாசம், ராஜகிரி பக்கம் நேராகப் போய், பறிக்கிற நாளை முன்கூட்டியே விசாரித்து வாங்குவது நல்லது. விலையும் குறையும், விளைவித்தவர் கைக்கும் போகும். சென்னைக்கு வேண்டும் என்றால் பார்சலில் போடாதீர்கள். சாயங்காலம் வாங்கி, வாழைச் சருகில் சுற்றி, ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறுகிற யாராவது சொந்தக்காரர் கையில் கொடுத்து அனுப்புங்கள். காலையில் சென்னையில் இறங்கும்போதும் மடித்தால் உடைகிற பதத்தில் இருக்கும்.